திருவையாறுக்கு ரூம் போட்ட கதை

முகம் தெரியாமல் வருஷக்கணக்காகச் சேர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தை நேரில் ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் சென்னை டிசம்பர் சீசன்தான் சுலபம். சபா கேன்டீனில் சந்தித்துக்கொள்ளலாம், பாதிப் பேருக்கு மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒரு சித்தி வீடாவது இருக்கும், யாருக்கும் யாரும் பொறுப்பில்லை. எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. தியாகராஜர் ஆராதனை அன்று காலையில், அவர் சமாதி இருக்கும் திருவையாற்றில் கோஷ்டியோடு உட்கார்ந்து, அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரி போகலாம் என்றேன். அப்புறம் ரயில், ரூம், வண்டி, சாப்பாடு எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. அடுத்த முறை வேறு யாராவது பொறுப்பெடுத்தால் உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி திதியில், அதனால் 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18, 2026இல் ஜனவரி 7 என்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். லீவு போடுகிறவர்களுக்கு மட்டும்தான் இதனால் தலைவலி என்று நினைக்க வேண்டாம். திதி மார்கழியில் விழுகிறதா தையில் விழுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் தங்குமிடமே அமையும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், பேரம் பேசலாம். தை பிறந்துவிட்டால் அதே மண்டபத்துக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

நாங்கள் போனது 2025இல், அதாவது தையில். தையிலும் பொங்கலை ஒட்டி. 14ஆம் தேதி பொங்கல், அன்றைக்கே திருவையாற்றில் விழா தொடக்கம், 18 சனிக்கிழமை பஞ்சமி. நடுவில் 17ஆம் தேதிக்கும் அரசாங்கம் லீவு விட்டுவிட்டதால் 14இலிருந்து 19 வரைக்கும் ஊரே கிளம்பிவிட்டது. சனிக்கிழமை என்பதால் திருநள்ளாறு கூட்டம் வேறு. நவக்கிரகச் சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் கும்பகோணத்தில்தான் தங்குவார்கள், ஆகவே "தஞ்சாவூரில் இடமில்லாவிட்டால் கும்பகோணம் பார்ப்போம்" என்ற வழியும் அடைபட்டது.

ரயில் விஷயத்தில் நான் ஒரு முடிவோடு இருந்தேன்: யாருக்கும் டிக்கெட் எடுத்துத் தருவதில்லை. கேட்கக் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட்டில், ஆறு பேருக்கு மேல் போட முடியாது, அந்த ஆறு பேரில் ஒருவர் கடைசி வாரத்தில் "மாமியாருக்கு உடம்பு சரியில்லை" என்று விலகினால் ரத்து செய்வதிலிருந்து பணம் திரும்ப வாங்கிக் கொடுப்பது வரைக்கும் எல்லாம் எடுத்தவன் பாடு. தஞ்சாவூர் ஜங்ஷன் வரைக்கும் வந்து சேர்வது அவரவர் பொறுப்பு, அங்கிருந்து திரும்ப ஜங்ஷனில் கொண்டுபோய் விடும்வரை என் பொறுப்பு என்று கோடு போட்டுவிட்டேன். சென்னைக்காரர்கள் உழவன் எக்ஸ்பிரஸையும் மன்னை எக்ஸ்பிரஸையும் குறிவைத்து செப்டம்பரில் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போது 120 நாளுக்கு முன்பே முன்பதிவு உண்டு; 2024 நவம்பரிலிருந்துதான் அது 60 நாளாகக் குறைந்தது. பெங்களூர்க்காரர்களுக்கு மைசூரிலிருந்து வரும் ராத்திரி வண்டி, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மயிலாடுதுறை போகும் ஜன்சதாப்தி. "தத்காலில் பார்த்துக்கலாம்ணா" என்று சொன்ன இளவட்டங்கள் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, தூக்கமில்லாத கண்ணோடு வந்து இறங்கினார்கள். வந்துவிட்டார்கள் அல்லவா, அது போதும்.

ரூம் பிடிப்பதுதான் பெரிய கதை. திருவையாற்றிலேயே தங்கலாமே என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள். சின்ன ஊர், இருக்கிற சில லாட்ஜுகளையும் வீடுகளையும் வருஷா வருஷம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். ஆகவே 13 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர்தான். வித்வான்களும் அங்கேதான் தங்குவார்கள், ரசிகர்களும் அங்கேதான், பெரிய கோயில் பார்க்க வருகிற டூரிஸ்டும் அங்கேதான். போன் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு லாட்ஜ் மேனேஜர் காது கொடுத்துக் கேட்டார்.

"எத்தனை பேர் சார்?"

"முப்பது பேர் வரும்."

"ஃபேமிலியா, டூரா?"

"ஆராதனைக்கு வர்றோம் சார். பாடுறவங்க."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ராத்திரி பாடுவீங்களா?"

"சுருதிப் பெட்டி மட்டும், மெதுவா வச்சுக்குவோம்."

"இல்ல சார், முன்னாடி ஒரு குரூப்பு வந்து ரெண்டு மணி வரைக்கும் ஸ்வரம் பாடிட்டாங்க. பக்கத்து ரூம்ல ஐயப்ப சாமிங்க, விடிஞ்சா பஸ் ஏறணும். ஒரே சண்டை."

பத்து மணிக்கு மேல் வாயைத் திறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்து ரூம் வாங்கினேன். பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள், அது வேறு விஷயம்.

ரூம் போடுகிறவர்கள் மேனேஜரிடம் வாடகைக்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, செக்-அவுட் மதியம் பன்னிரண்டா, இருபத்துநாலு மணி நேரக் கணக்கா. நம் ஊர் லாட்ஜுகளில் பாதி இரண்டாவது வகை. விடியற்காலை ஐந்து மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறவருக்கு அந்த வகை தேன் மாதிரி இருக்கும், உடனே படுக்கை கிடைக்கும். ஆனால் மறுநாள் அதே ஐந்து மணிக்கு இன்னொரு நாள் வாடகை ஏறிவிடும், நாம் அப்போது குளிக்கக்கூடத் தொடங்கியிருக்க மாட்டோம். பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்திருக்கும் ஓட்டலில் ஐந்து மணிக்குப் போய் நின்றால் வரவேற்பறை சோபாதான். வந்து சேரும் நேரத்தை வைத்து ஆட்களை இரண்டு இடத்துக்கும் பிரித்து அனுப்பியதில் நல்ல காசு மிச்சமானது.

இரண்டாவது, வெந்நீர். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் வெந்நீர் வரும் என்று கவுன்டரில் ஒட்டியிருப்பார்கள். நாம் கிளம்ப வேண்டியதே ஐந்தரைக்கு. ஜனவரி மாசத்துத் தஞ்சாவூர்த் தண்ணீரில் நாலரை மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டுப் போய் ஆரபி ராகக் கீர்த்தனையில் மேல் ஷட்ஜம் பிடிக்கச் சொன்னால் யாருக்குத் தொண்டை வரும்? பாய்லரை நாலு மணிக்கே போட்டுவிட ரூம் பையனிடம் தனியாகச் சொல்லி, அவன் கையில் கொஞ்சம் கொடுத்து வைத்தேன். ஒரு ரூமுக்கு மூன்று பேர், ஒரு பாத்ரூம், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று முறை எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார் கோயம்புத்தூர் மாமி ஒருவர். ரிட்டயர்ட் தலைமையாசிரியை, எதிர்த்துப் பேச ஆளில்லை.

யாரை யாரோடு போடுவது என்பதற்கு ஒரு ஷீட் வைத்திருந்தேன். பெயர், வரும் நேரம், மாடி ஏற முடியுமா, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமா, வாத்தியம் என்ன, குறட்டை உண்டா. கடைசி கேள்விக்கு எல்லாரும் இல்லை என்றுதான் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவும் எங்கள் கூட்டத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் உண்மை வெளியே வந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் திருச்சியில் இறங்குவதுதான் உத்தமம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து நேர் விமானம், அங்கிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரச் சொச்சம். சிக்கல் விமானத்தில் இல்லை, லாட்ஜ் கவுன்டரில். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர் விவரத்தை ஆன்லைனில் ஒரு படிவத்தில் பதிய வேண்டும், நாங்கள் போனபோது அதற்குச் சி படிவம் என்று பெயர். சின்ன லாட்ஜுகள் பல அந்த வம்பே வேண்டாம் என்று "ரூம் இல்லை" என்று கையை விரித்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணரும் அவர் மனைவியும் ஓரிடத்தில் முன்பணம் கட்டியும் கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். "நாங்கள் தமிழ் ஆக்கள் தானே தம்பி" என்று அவர் சொன்னதற்கு அந்தப் பையன் என்ன செய்வான், அவன் முதலாளி சொன்னதைச் சொல்கிறான். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய ஓட்டலாகப் பார்த்து, பாஸ்போர்ட் என்று முன்பே சொல்லி, படிவம் போடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் இவர்களுக்கு ரூம் எடுக்க வேண்டும். வாடகை கூடத்தான். கூடுதல் தொகையை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டோம், இதில் முணுமுணுத்தவர்களும் உண்டு.

முணுமுணுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏசி வேண்டும் கட்சி, ஏசி வேண்டாம் தொண்டை கட்டும் கட்சி என்று இரண்டு பட்டு, தனித்தனியாக வாட்ஸப் குழு தொடங்கும் அளவுக்குப் போனது. அப்போது ஒருவர், "ஆராதனையே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து நடந்ததுதானே, நாம் எந்த மூலைக்கு" என்று எழுதினார். உண்மைதான். 1940இல் ஒன்று சேரும்வரை அங்கே தனித்தனியாகத்தான் நடத்தினார்கள். பெண்கள் பாட இடமில்லை என்றதும் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியாகவே ஒரு விழா நடத்தினார். சமாதிக்குக் கோயில் கட்டியதும் அவர்தான், தன் சொத்தைப் போட்டு. இன்றைக்கு நாம் உட்கார்ந்து பாடுகிற இடம் அந்த அம்மாள் கொடுத்தது. அதற்கு முன்னால் ஏசி தகராறெல்லாம் என்ன? கட்சி கலைந்தது. ஏசி வேண்டாதவர்கள் ஃபேன் ரூமுக்குப் போனார்கள், வாடகையும் குறைந்தது.

இத்தனைக்கும் அப்புறம் சொல்கிறேன், சென்னையிலிருந்து தஞ்சாவூர் வருவதைவிடத் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற அந்த 13 கிலோமீட்டருக்குத்தான் அதிகம் திட்டம் வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள், ரோடு ஒன்றும் நெடுஞ்சாலை இல்லை. மற்ற நாளில் டவுன் பஸ்ஸே தாராளம். பஞ்சமியன்று அந்த ரோட்டில் எல்லா ஊர் வண்டியும் வரும், ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கி நடக்க வேண்டியதுதான். பஞ்சரத்னம் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கும், ரேடியோவிலும் டிவியிலும் நேரடியாகப் போவதால் யாருக்காகவும் காத்திருக்காது. அதற்கு முன்னால் தியாகராஜர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி, அதாவது பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் ஊர்வலம், புறப்பட்டு வருவதையும் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கு வேனில் உட்கார்ந்தாக வேண்டும். இரண்டு டெம்போ டிராவலர் பேசினேன். டிரைவர்களுக்கு பேட்டாவோடு ராத்திரி படுக்க இடமும் கொடுங்கள். முந்தின நாள் ராத்திரி எங்கேயோ சவாரி போய்விட்டு வந்து ஸ்டியரிங்கில் தூங்குகிற ஆளை நம்பி முப்பது பேரை ஏற்ற முடியாது. வயதானவர்கள் இருக்கும் வண்டி முதலில் கிளம்பட்டும். தாமதமாக வருகிறவருக்காக வண்டி நிற்காது, பின்னால் டவுன் பஸ்ஸில் வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அப்படித்தான் வந்தார்கள், எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார்கள் என்பது வயிற்றெரிச்சல்.

பந்தலில் மணலில்தான் உட்கார வேண்டும். முட்டி வலிக்காரர்கள் ஓரத்தில் சின்ன மடக்கு ஸ்டூலோடு உட்கார்ந்தார்கள். நாட்டை ராகத்தில் ஜகதானந்தகாரக தொடங்கியதும் ஆயிரம் தொண்டை ஒன்றாக வரும்போது நம் குரல் நமக்கே கேட்காது. தப்பாகப் பாடினாலும் யாருக்கும் தெரியாது, அதுவும் ஒரு நிம்மதி. வராளி ராகக் கீர்த்தனையில் எங்கள் வரிசை மட்டும் கொஞ்சம் அடங்கியது. வராளியைக் குரு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் பாதிப் பேருக்கு அது கேசட்டில் கேட்டு அரைகுறையாக வந்த பாடம். ஸ்ரீராகத்தில் எந்தரோ வந்ததும் எல்லாருக்கும் உயிர் வந்துவிட்டது. ஐந்தும் பாடி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்புறம் பேர் பேராக அறிமுகம், "நீங்கதான் அந்த ரீதிகௌளை ராகத்துக்குச் சண்டை போட்டவரா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அசோகா அல்வா வாங்கக் கடைக்கு ஓடினார்கள்.

ஒரே குறை, திரும்பும் டிக்கெட். பாதிப் பேர் சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கே போட்டிருந்தார்கள். கோஷ்டி முடிந்து ராத்திரி வரைக்கும் கச்சேரி நடக்கும், ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான் மேடை, ஆனால் பெரிய வித்வானும் வருவார், பெயரே தெரியாத நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்து எல்லாரையும் உட்கார வைத்துவிட்டும் போவார். அதை விட்டுவிட்டு மூன்று மணிக்கே மூட்டை கட்டுவது என்ன கணக்கு? அடுத்த முறை ஞாயிறு ராத்திரிக்கு முன்னால் டிக்கெட் போட்டவர்களுக்கு என் ஷீட்டில் இடமில்லை. கணக்கு முடித்ததில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது, அதை அடுத்த முறை முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். திருவையாறு பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, முப்பது பேர் படுக்க, இரண்டு வெஸ்டர்ன் டாய்லெட்டாவது உள்ள மண்டபம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.