சிறிய மடிக்கணினியில் பிறகு மாற்ற முடியாதவை

சிறிய மடிக்கணினி வாங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தினமும் தோளில் சுமக்கப்போகும் பொருள் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணினியைப் பற்றி எதையும் முடிவு செய்துவிட முடியாது. 2007-இல் வெளிவந்து, விலை குறைந்த சிறு கணினிகளின் அலையைத் தொடங்கிவைத்த ஆசுஸ் ஈ பி.சி. 701 ஏறத்தாழ 920 கிராம் இருந்தது. ஆப்பிள் 2015-இல் வெளியிட்ட 12 அங்குல மேக்புக்கின் எடையும் ஏறத்தாழ அதே 920 கிராம்தான். முன்னதில் 7 அங்குலத் திரை, அகலத்தில் 800 புள்ளிகள், உயரத்தில் 480 புள்ளிகள், 4 ஜி.பி. சேமிப்பிடம், வலைப்பக்கங்கள் பலவற்றைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. பின்னதில் கூர்மையான திரையும் கிட்டத்தட்ட முழு அளவு விசைப்பலகையும் இருந்தன. ஆனால் சார்ஜருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு யூ.எஸ்.பி-சி துளைதான். தராசில் சமமாக நிற்கும் இவ்விரண்டுக்கும் பயன்பாட்டில் ஒப்பே இல்லை.

ஆகவே எந்தச் சிறிய மடிக்கணினியைப் பார்த்தாலும், வாங்கிய பிறகு இதில் எதை மாற்ற முடியாது என்றே நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். இயங்குதளத்தை மாற்றலாம், மவுஸை இணைக்கலாம், சேமிப்பிடம் போதாவிட்டால் வெளியிலிருந்து ஒன்றைச் செருகிச் சமாளிக்கலாம். விசைப்பலகையின் அகலம், திரையின் உயரம், தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட ரேம் என்னும் தற்காலிக நினைவகம் ஆகிய மூன்றும் முதல் நாளில் எப்படியோ கடைசி நாளிலும் அப்படியே இருக்கும்.

இவற்றில் விசைப்பலகையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். எழுத்து வரிசையையும் அதன் இரு ஓரங்களில் உள்ள அகல விசைகளையும் சேர்த்தால் 15 விசைகளின் அகலம், அதாவது ஏறத்தாழ 28.5 சென்டிமீட்டர் தேவைப்படுகிறது. அதைவிடக் குறுகிய உடலில் விசைப்பலகையைப் பொருத்த வேண்டுமென்றால் உற்பத்தியாளர் எங்காவது கைவைத்தாக வேண்டும். எல்லா விசைகளையும் சமமாகச் சிறிதாக்கினால் தட்டச்சு முழுவதும் நெருக்கடியாகிவிடும் என்பதால், பலர் நடுவிலுள்ள எழுத்துகளை விட்டுவிட்டு வலது ஓரத்து விசைகளை மட்டும் ஒடுக்குகிறார்கள்: அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறிகள், சாய்கோடு. மிகச் சிறிய சில கணினிகளில் இவை வேறு வரிசைக்கே தள்ளப்பட்டிருக்கும், சிலவற்றில் எஃப்.என். (Fn) என்ற துணை விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது சிறு தொந்தரவு. ஆங்கில விமர்சனங்களும் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தமிழ் எழுத்துகளை நேரடியாக விசைகளில் அமைத்த தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவருக்கோ அந்த ஓரத்தில்தான் வேலையே இருக்கிறது. அரைப்புள்ளி விசையில் ந, மேற்கோள் விசையில் ய, சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. இந்த ஐந்தும் ஒடுங்கிய ஒரு கணினியில் நீண்ட கட்டுரை எழுத உட்கார்ந்தால், சுண்டுவிரல் ஒவ்வொரு வரியிலும் தடுமாறும். ஆகவே வாங்குவதற்கு முன் விசைப்பலகையை நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, இந்த ஐந்து விசைகளும் மற்ற எழுத்து விசைகளுக்கு ஒத்த அகலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. இதற்காக முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு, விரல்கள் கேட்பதில்லை.

விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் முக்கியம். மெலிவுக்காக ஆழத்தை மிகவும் குறைத்த 12 அங்குல மேக்புக்கின் விசையமைப்பு பின்னர் ஆப்பிளின் மற்ற மடிக்கணினிகளுக்கும் பரவியது. விசைகள் சிக்கிக்கொள்வதாகப் புகார்கள் பெருகவே, 2018-இல் அந்நிறுவனம் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது.

திரையைப் பொறுத்தவரை, மூலைவிட்ட அளவு ஏமாற்றக்கூடியது. அகலத்துக்கும் உயரத்துக்கும் 16:9 விகிதத்தில் அமைந்த 13.3 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 16.6 சென்டிமீட்டர், 3:2 விகிதத்தில் அமைந்த 12.4 அங்குலத் திரையின் உயரமோ 17.5 சென்டிமீட்டர். எண்ணில் சிறியது, படிப்பதற்குப் பெரியதாக இருக்கிறது. படம் பார்ப்பதற்கு அகலம் உதவும். ஆவணம் எழுதவும் அட்டவணை நிரப்பவும் உயரமே உதவும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துகளுக்கு வரியிடைவெளி சற்றுக் கூடுதலாக வேண்டியிருப்பதால், உயரம் குறைந்த திரையில் ஒரே நேரத்தில் கண்ணில் படும் வரிகள் மேலும் குறைந்துவிடுகின்றன. சிறு கணினியில் 16:10 அல்லது 3:2 விகிதம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ரேம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பற்றவைக்கப்பட்டிருந்தால், இன்றைய தேவைக்கு 8 ஜி.பி. போதும் என்று தோன்றினாலும் 16 ஜி.பி. வாங்குவதே விவேகம். சேமிப்பிடத்தில் இ.எம்.எம்.சி. (மலிவான கணினிகளில் வரும் ஒருவகைச் சேமிப்புச் சில்லு) என்று குறிப்பிட்டிருந்தால் அது மடிக்கணினிகளில் வழக்கமாக வரும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைவிட மெதுவானது, 64 ஜி.பி. மட்டுமே இருந்தால் விண்டோஸ் புதுப்பித்தல்களுக்கே இடம் பற்றாமல் திணறும்.

மின்விசிறி இல்லாத கணினிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். நூலகத்தில் சத்தமில்லை, உள்ளே தூசி இழுக்கும் துவாரமும் இல்லை. 2020 இறுதியில் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர், மின்விசிறி இல்லாமலேயே கனமான வேலையும் செய்ய முடியும் என்று காட்டியது. ஆயினும் காணொளித் தொகுப்பு போன்ற நீண்ட வேலைகளில் இத்தகைய கணினிகள் சூடேறி, தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அத்தகைய வேலை அன்றாடம் இருப்பவர் விசிறியுள்ளதையே வாங்கலாம்.

சார்ஜரைச் சேர்த்துத்தான் எடையைக் கணக்கிட வேண்டும். கணினி ஒரு கிலோவும் அதன் சார்ஜர் அரைக் கிலோவும் என்றால் தோளுக்கு என்ன லாபம்? யூ.எஸ்.பி-சி வழியாக மின்னேற்றும் கணினியாக இருந்தால், 45 அல்லது 65 வாட் தரும் கையடக்கமான ஒரே சார்ஜர் கைப்பேசிக்கும் அதற்கும் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரிலிருந்து கைப்பேசிகளுக்கும், 2026 ஏப்ரலிலிருந்து மடிக்கணினிகளுக்கும் இந்த இணைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, பேட்டரி கொள்ளும் மின்னாற்றலைச் சொல்லும் வாட்-மணி அளவைப் பாருங்கள்: 50 வாட்-மணி பேட்டரி, எழுதும்போது சராசரியாக 6 வாட் இழுக்கும் கணினியை எட்டு மணி நேரம் ஓட்டும், திரையின் வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டினால் அந்தக் கணக்கு உடனே சரியும்.

அன்றாடப் பயன்பாட்டில், வெளியில் மட்டுமே நான் என் மடிக்கணினியைச் சிறிய கணினியாக வைத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒரு தாங்கியில் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையையும் பெரிய திரையையும் இணைத்துவிடுவேன். திரையும் விசைப்பலகையும் ஒன்றாக ஒட்டியிருக்கும் எந்தக் கணினியிலும் கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். கணினியின் உடல் சிறியதாக ஆக இந்தக் குனிவு கூடும். எப்போதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் நாள்களில் பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி அமைப்பில் வரம்பு வைத்துவிடுகிறேன். லித்தியம் பேட்டரி நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் இருந்தால் விரைவில் தேயும். பைக்குள் வைக்கும் முன் மூடியை மூடினால் மட்டும் போதாது. இப்போதைய விண்டோஸ் கணினிகள் பல, தூங்கும்போதும் இணையத் தொடர்பை விடாமல் பைக்குள்ளேயே சூடாகி, பேட்டரியையும் குடித்துவிடுகின்றன. மூடியை மூடினால் உறக்கநிலைக்குப் பதிலாக ஹைபர்நேட் (திறந்திருப்பவற்றைச் சேமிப்பிடத்தில் எழுதிவைத்துவிட்டு அணைந்துவிடும் நிலை) ஆகும்படி மாற்றியதிலிருந்து எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

புதியது வாங்க முடியாதவர்களுக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் 12, 13 அங்குலக் கணினிகள் நல்ல வாய்ப்பு. 2011-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220-ஐ அதன் விசைப்பலகைக்காகவே இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், ரேமும் கூட்டலாம். ஆனால் விண்டோஸ் 11, இன்டெல் சில்லுகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி இயங்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே எட்டாம் தலைமுறையைவிடப் பழைய கணினியை வாங்குபவர், லினக்ஸ் நிறுவிக்கொள்ளும் எண்ணத்துடனேயே வாங்க வேண்டும்.