பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன்

“பேரை மாத்தினா ஒருத்தரும் தேடி எடுக்க மாட்டினம் அண்ணா” என்று, எழுத்துருவொன்றைத் திருத்திய அந்தத் தம்பி சொன்னபோது, “உரிமத்தில அப்பிடித்தான் இருக்கு” என்றேன். நான் சொன்னது சரி. அவன் சொன்னதும் சரி என்பதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

மும்மொழிப் படிவங்களில் தமிழ் வரியில் ‘பு’, ‘சூ’ எல்லாம் அடியில் வெட்டுப்பட்டு வந்ததற்காக, ஒரு திறந்த எழுத்துருவின் உயர அளவுகளையே அவன் திருத்தியிருந்தான். வெள்ளவத்தைக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டும் இருந்து செய்த வேலை. பழைய பெயரிலேயே அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்க இருந்தபோதுதான் நான் மறித்தேன்.

அந்த எழுத்துருவுக்குரிய, எஸ்.ஐ.எல். என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம் 1.1 நிறையவே விட்டுக்கொடுக்கிறது. திருத்தலாம், பகிரலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். ஆனால் ஆக்கியவர்கள் ஒரு பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்திய பிரதிக்கு அந்தப் பெயரை வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆவணம் எழுத்துருவைப் பெயரால்தான் தேடுகிறது; ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலாவினால், இங்கே ஒரு பக்கத்தில் அடங்கிய படிவம் இன்னொரு கணினியில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். அவன் மாற்றியதும் அந்த அளவுகளைத்தானே. யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருக் காலத்தில் எழுத்துருவை நம்பிக் கோப்பு அனுப்பிப் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

லினக்ஸ் இயங்குதளமான டெபியன்கூட இப்படியொரு பெயர்க் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தது என்று அவனுக்குச் சொன்னேன். தாங்கள் தரும் பயர்பொக்ஸ் உலாவியின் பெயரை, அதை ஆக்கிய மொசில்லாவின் வர்த்தகக் குறிப் பிரச்சினையால் 2006 இல் ஐஸ்வீசல் என்று மாற்றினார்கள், 2016 இல்தான் பழைய பெயர் திரும்பியது. அப்போது நல்ல உதாரணமாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், ஐஸ்வீசலை யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, டெபியனே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவனுடைய எழுத்துருவுக்கு யார் இருக்கிறார்கள்? கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகக்காரர் தெரிந்த பெயரைத்தான் பதிவிறக்குவார், அதில் ‘பு’ வெட்டுப்பட்டே இருக்கும். அதற்காக மற்றவர்கள் ஒதுக்கி வைத்த பெயரை எடுத்துக்கொள்ளவும் முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அனுமதி கேட்டும் எழுதினோம். கொடுக்க வேண்டிய நாளுக்குள் பதில் வரவில்லை. சரி, புதுப்பெயர் வைப்போம் என்றபோது வாடிக்கையாளர் தங்கள் நிறுவனத்தின் பெயரையே எழுத்துருவுக்கு வைக்கச் சொல்லிவிட்டார்கள். உரிமம் அதைத் தடுக்கவில்லை. ஆக்கியவர்களின் பெயரைக் காப்பாற்றப் போய், அந்த இடத்தில் ஒரு கோடும் வரையாதவர்களின் பெயர் வந்து நின்றது.

பழைய பதிப்புரிமை வரிகளுக்குக் கீழே உன் பெயரையும் ஒரு வரி சேர் என்று அவனிடம் சொன்னேன், அதற்கு உரிமத்தில் இடமுண்டு. “வேண்டாம் அண்ணா, விடுங்கோ” என்றான். கோபத்தில் சொன்னானா, உண்மையிலேயே வேண்டாமென்றா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோப்பு அப்படியே போய்விட்டது.