பதினொன்றே முக்கால் மணி கேட்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் குடியிருப்பவனுக்குச் சத்தம் புதிதல்ல. பழைய விமான நிலையம் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான். 2008-ல் பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுதளம் சும்மா இருப்பதில்லை. தேஜஸ் போர் விமானம் சோதனைக்குக் கிளம்பினால் சமையலறை டம்ளர் அதிரும். போனில் "ஒரு நிமிசம்" என்று நிறுத்துவோம்; அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். யாருக்கும் கோபம் வராது.

எனக்குக் கோபமெல்லாம் எங்கள் கட்டடத்து இரும்பு கேட்டின் மேல்தான். என் படுக்கையறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. மாடிவீட்டுப் பையன் வேலை முடிந்து பதினொன்றே முக்காலுக்கு வருவான், கேட்டைப் பின்கையால் தள்ளிவிட்டுப் படியேறுவான். கொண்டி போய்த் தூணில் உள்ள பட்டையில் அடிக்கும். ணங்! அப்புறம் ஒன்றரை மணிவரை எனக்குத் தூக்கம் கிடையாது.

இரண்டு வருடம் இப்படி. முதல் ஆறு மாதம் மனதுக்குள் சண்டை போட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைத் தேடிப் படித்தேன். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி ஜன்னலோரம் வைத்து அளந்தேன். (அந்த எண்ணை யாரிடம் காட்டுவதாக உத்தேசம் என்று கேட்காதீர்கள்.) பிறகு அலுத்துப்போய், பக்குவம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆபீஸில் இரண்டு பேருக்கு இதைப் பற்றி அறிவுரைகூடச் சொன்னேன்.

போன தை மாசம் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்தாள். முதல் ராத்திரியே ணங்.

"என்னல அது?"

"கேட்டும்மா. தினமும் அப்படித்தான்."

"எம்புட்டு நாளா?"

சொன்னேன். இருட்டில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்தப் பையன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"கேட்டப் போயி பாத்தியா?"

அதுவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது கொண்டியில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. பஞ்சர் கடையில் ஒரு முழம் பழைய சைக்கிள் ட்யூப் கேட்டு வாங்கி, நீளவாக்கில் நறுக்கி, இழுத்து இழுத்துச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தாள். கடைக்காரர் காசு வாங்கவில்லையாம். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், இரண்டு பெண்கள் என்பதுவரை விசாரித்து முடித்திருந்தாள். அன்று ராத்திரி 'தொப்' என்றுதான் கேட்டது.

அதே கையோடு குளியலறைக் குழாய். 2024-ல் ஊரே தண்ணீருக்கு அல்லாடியபோது, சிக்கனத்துக்கென்று வீட்டுக்காரர் குழாய் வாயில் வலை மாட்டியிருந்தார். போர் தண்ணியின் உப்பு அதில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொண்டு, தண்ணீர் பக்கவாட்டில் சீறும். நான் ஓரமாக நின்று குளிக்கப் பழகியிருந்தேன். அம்மா திருகினாள், வலை கையோடு வந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் புளித்தண்ணியில் ஊறப்போட்டு, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாள். தண்ணியின் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே பாறை, காவிரியோ ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளியிருந்து மேடேறி வந்தாக வேண்டும், எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் உண்டு. அதற்கெல்லாம் அவள் ஏன் வாயைத் திறக்கப் போகிறாள்?

யோசித்துப் பார்த்தால் என் பக்குவத்தில் பாதிக்குமேல் கூச்சம். மாடிப்பையன் ஹூப்ளிக்காரன், என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டாது. மீதி, எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்.

ட்யூப் தடிமனாக இருப்பதால் இப்போது கொண்டி முழுசாக விழுவதில்லை. கேட் ஒரு சாண் திறந்தே நிற்கிறது. அம்மா ஊருக்குப் போன மறுவாரத்திலிருந்து தெருவின் செவலை நாய் உள்ளே வந்து என் ஸ்கூட்டர் சீட்டில் படுக்கிறது. சீட்டில் இரண்டு கீறல். போனில் சொன்னேன்.

"ஒரு சாக்க விரிச்சுப் போடு" என்றாள்.

சீட்டுக்காகவா நாய்க்காகவா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.