சாம்பல் இல்லாத படங்கள்

என் புகைப்படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கண்காட்சிக்கு அனுப்பும் முன் படத்தில் இருப்பவர்களிடம் பிரதிகளைக் காட்டிவிடுவது என் வழக்கம். எண்ணூர்க் குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் பரப்பி வைத்தேன். காசிமேட்டில் ஏலம் முடிந்து டீ குடிக்கும் பெண்கள், வியாசர்பாடியில் கேரம் ஆடும் சிறுமி, அவர் மகள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவது. ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஓர் அதிகாரி இதைப் பார்த்தால், இவர்களுக்கு என்ன குறை என்று கேட்க மாட்டாரா?"

"ஆற்றில் கிடக்கும் சாம்பலையும் எண்ணெயையும் எல்லோரும் படம் எடுத்துவிட்டார்களே, அக்கா."

"எடுத்தார்கள். ஆறு சுத்தமாகிவிட்டதா?"

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச்சு இன்னும் முடியவில்லை.

வடசென்னை என்றதும் அரிவாளையும் இருட்டுச் சந்தையும் எதிர்பார்க்கிறவர்களோடு மல்லுக்கட்டியே என் தொழில் காலம் கழிந்திருக்கிறது. 2012-இல் ஐவரி கோஸ்ட்டுக்குச் சென்ற பீட்டர் டிகாம்போ, ஆஸ்டின் மெரில் என்ற இரு அமெரிக்கர்கள் போருக்குப் பிந்தைய நிலையைப் பதிவுசெய்யும் வேலைக்கு நடுவே, கண்ணில் பட்ட சாதாரண வாழ்க்கையைக் கைப்பேசியில் எடுக்கத் தொடங்கினார்கள். 'எவ்ரிடே ஆப்பிரிக்கா' என்ற புகைப்படத் தொடர் அப்படித்தான் பிறந்தது. போரும் பஞ்சமுமாகவே காட்டப்பட்ட ஒரு கண்டத்தில் மக்கள் வேலைக்குப் போகிறார்கள், முடி திருத்திக்கொள்கிறார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது, எங்கள் தெருக்களையும் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் அதைத்தான் நம்புகிறேன்.

அந்தக் கேரம் சிறுமியின் நகக்கண்களில் போரிக் பவுடர் படிந்திருக்கும். பலகைக்கு மேல் தாழத் தொங்கும் பல்பின் வெளிச்சத்தில் கண் சிமிட்டாமல் ஸ்டிரைக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இதே வடசென்னைப் பெண்தான். இந்த முகத்துக்குப் பக்கத்தில் சாம்பல் மூடிய ஆற்றை மாட்டினால், பார்க்கிறவர் சிறுமியை விட்டுவிட்டு ஆற்றைத்தான் பார்ப்பார். ஊகமாகச் சொல்லவில்லை. முன்பு ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய தொகுப்பிலிருந்து குப்பைமேட்டுப் படம் ஒன்றை மட்டும் பொறுக்கிப் போட்டார்கள்.

ஆனாலும் அக்காவின் கேள்வி அங்கேயே நிற்கிறது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகப் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. எண்ணெய் வந்தபோது கேமராக்களும் வந்தன, பிறகு போய்விட்டன. சாம்பலுக்குள் அவர் தினமும் கை விடுகிறார். அன்றாடத்தை எடுக்கிறேன் என்று கிளம்பியவன், அவருடைய அன்றாடத்தில் பாதியைச் சட்டகத்துக்கு வெளியே விட்டிருந்தேனா? அவர் கேட்டது அதைத்தான் என்று இப்போது படுகிறது. அதே மூச்சில், அந்தப் பாதி மட்டும்தானே இத்தனை காலம் அச்சேறியது என்றும் மனம் வாதாடுகிறது.

கடைசியில் ஆற்றின் படத்தைச் சேர்க்கவில்லை. இறாலை உரிக்கும் அவர் கைகளின் படத்தைச் சேர்த்தேன். "நகத்தில் இருக்கிற கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கீழே எழுதிவிடுங்கள்" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். கண்காட்சியில் பலர் அந்தப் படத்தின் முன் நின்று வெளிச்சத்தைப் பாராட்டினார்கள். குனிந்து குறிப்பைப் படித்தவர்கள் குறைவு. அடுத்த முறை குறிப்பைக் கண்மட்டத்தில், பெரிய எழுத்தில் வைக்கப்போகிறேன். ஆற்றையும் மாட்டுவதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.