சங்காயத்தை யார் எடை போடுவது?

நேற்று மதுரை கரிமேடு மீன் சந்தையில் உள்ளங்கைக்குள் அடங்கும் சங்கரா குஞ்சுகளைக் கூறு போட்டு விற்றதைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை: வலையில் வேண்டாமல் சிக்கும் குஞ்சும் பொடியுமான கலப்பு மீனுக்கு, இராமேசுவரம் பக்கத்தில் சங்காயம் என்று அழைக்கப்படுவதற்கு, எடை வரம்பு விதிப்பதானால் எங்கே விதிப்பது?

தமிழ்நாட்டின் 1983 ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் பெரும்பாலும் வலையையும் காலத்தையுமே கட்டுப்படுத்துகின்றன: இழுவைமடியின் (படகு இழுத்துச் செல்லும் பை வலை) கடைசிப் பையில் வலைக்கண்ணின் அளவு, இரட்டைமடிக்கு (இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) தடை, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வேண்டாமல் சிக்கும் மீன் இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு நடைமுறையில் இல்லை.

நார்வே 1987 இலேயே காட் மீனைக் கடலில் திருப்பி எறிவதைத் தடை செய்தது; பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், குஞ்சுகள் மிகுதியாகச் சிக்கினால் அந்தப் பகுதியையே தற்காலிகமாக மூடிவிடுவார்கள். அதை அப்படியே இங்கே பெயர்த்து நடுவது பயனற்றது என்பது என் எண்ணம். ஏனெனில் சங்காயத்தை நம்மவர்கள் பெரும்பாலும் எறிவதில்லை, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் விற்றுவிடுகிறார்கள். (நாமக்கல் முட்டையில் கடலுக்கும் பங்கு உண்டு என்றால் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.) விலை கிடைக்கும் வரை குஞ்சு மீன் வலையில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வரம்பு விதிப்பதானால் அதைப் படகில் அல்ல, இறங்குதளத்தில், சங்காயம் லாரியில் ஏறும் இடத்தில் விதிக்க வேண்டும்.