590 ரூபாய் பாக்கி, நின்றுபோன வீட்டுக்கடன்

"சிபில் சரியில்லை" என்று ஒரே வரியில் என் வீட்டுக்கடன் மனுவை வங்கியில் திருப்பிவிட்டார்கள். நம் கடன் வரலாற்றைத் திரட்டி ரிப்போர்ட்டும் ஸ்கோரும் தரும் கிரெடிட் நிறுவனம்தான் சிபில். அந்த வரியோடு யாரும் வீடு திரும்ப வேண்டாம். கிரெடிட் ரிப்போர்ட்டைக் காட்டிக் கடனை மறுத்தால், 30 நாளுக்குள் காரணத்தையும் ரிப்போர்ட் நகலையும் எழுத்தில் தர வேண்டும். 2006-லேயே வந்த விதி. மெயிலில் கேட்டதும் வந்தது.

ஆறு வருஷம் முன்பு கட்டி முடித்த பைக் லோன்தான் வில்லங்கம். ஒரு தவணை பவுன்ஸ் ஆனதற்கு அபராதம் 500, ஜிஎஸ்டி 90. இந்த 590-ஐக் கேட்காமலே, பாக்கி இல்லை என்று என்ஓசி (தடையில்லாச் சான்று) தந்துவிட்டு, கணக்கை மட்டும் மூடாமல் மாதாமாதம் 'நிலுவை' என்றே அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை நாள் பாக்கி என்று சொல்லும் டிபிடி கட்டத்தில் 900!

பைக் லோன் தந்தவர்களின் கிளைக்கு நடந்த இரண்டு நடையும் தண்டம். முதல் தடவை, "அது சிபில் வேலை சார், எங்ககிட்ட ஒண்ணும் இல்ல." தப்பு. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் கிரெடிட் நிறுவனம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அடுத்த தடவை என்ஓசி ஒரிஜினல் கேட்டார்கள். அதுதான் ஹைபோதிகேஷன் (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) நீக்க ஃபார்ம் 35-ஓடு ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்விட்டதே! நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. கடன் பதிவு நீங்கிய ஆர்சி புத்தகமும் கடைசித் தவணை காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கைகொடுத்தன.

வாயால் சொன்ன புகாருக்குக் கணக்கு கிடையாது. எழுத்தில் புகார் பதிவாகும் நாளிலிருந்துதான் 30 நாள் ஓடும்: கடன் நிறுவனத்துக்கு 21 நாள், மிச்சம் கிரெடிட் நிறுவனத்துக்கு. கிரெடிட் நிறுவனத்தின் ஆன்லைனில் டிஸ்ப்யூட் (திருத்தக் கோரும் புகார்) போடக் கட்டணமில்லை. 'ஸ்கோரை ஏத்தித் தர்றோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகள் செய்வதும் இதே வேலைதான். 'ஸ்கோர் தவறு' என்று மட்டும் எழுதினால் எடுபடாது, ஸ்கோர் வெறும் கணக்கீடு. அந்த லோனுக்குள் போய் நிலுவைத் தொகை, கணக்கு நிலை, மூடிய தேதி என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

நடுவில் பைக் லோன்காரர்களிடமிருந்து ஒரு போன்: "590-தானே, கட்டி செட்டில் பண்ணிடுங்க." இங்கே உஷார். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழுந்தால், பாக்கியை முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தவர் என்று அர்த்தம். அடுத்த வங்கியும் முகம் சுளிக்கும். என்ஓசி தந்த பிறகு பாக்கி ஏது என்று மெயிலில் மட்டும் பதில் சொல்லி, 'குளோஸ்டு' என்றே போடச் சொன்னேன்.

இது முடியும்வரை வேறு வங்கியில் மனுப் போடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு மனுவும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரை இன்னும் இறக்கும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். எனக்கு இரண்டில் அதே 590 உட்கார்ந்திருந்தது.

திருத்தம் 47-ஆம் நாள் வந்தது. 2024 ஏப்ரல் முதல், 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தானாக வரவில்லை. ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போவேன் என்று புகார் எண்ணோடு எழுதிய பிறகு 1,700 ரூபாய் கணக்கில் ஏறியது.