போக்கர் ஃப்ளாட்டின் பனி: காணாமற்போன ஒரு மௌனப் படத்தை மேசைமேல் அமைத்துப் பார்த்தது

ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு 1919-இல் ஹாரி கேரியை நாயகனாகக் கொண்டு யூனிவர்சல் நிறுவனத்துக்காக இயக்கிய 'தி அவுட்காஸ்ட்ஸ் ஆஃப் போக்கர் ஃப்ளாட்' படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை. அந்தப் படத்துக்கு மூலமான, அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட்டின் 1869-ஆம் ஆண்டுச் சிறுகதையைக் கையில் வைத்துக்கொண்டு, களிமண் உருவங்களையும் அட்டை அரங்குகளையும் செய்து, படத்தை அசையாப் படங்களின் வரிசையாக அமைத்துப் பார்க்கும் வேலையை நான்கு மாதங்களுக்கு முன் தொடங்கினேன். இதுவரை 140 படங்கள் எடுத்திருக்கிறேன்.

முதலில் நீளத்தைக் கணக்கிட்டேன். படம் ஆறு ரீல்கள் கொண்டது. 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்) இருக்கும். ரீலுக்கு 1000 அடி என்று கொண்டு விநாடிக்கு 18 சட்டங்கள் வீதம் ஓட்டினால், முழுப் படமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். அவ்வளவையும் தனி ஆளாகச் செய்ய இயலாது என்பதால், கதைக்குள் கதை தொடங்கும் இடத்தையும் பனியில் நிகழும் பகுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தொடக்கம்தான் என்னை அதிக நாள் நிறுத்திவைத்தது. அரிசோனாவில் சூதாட்ட விடுதி நடத்தும் ஹாரி லான்யன், தான் வளர்த்த பெண்ணையே நேசிக்கிறான். அவள் மனம் தன் நண்பனிடம் இருப்பதாக நினைத்துக் கலங்கும் வேளையில் ஹார்ட்டின் கதையைப் படிக்கிறான். கதையில் வரும் சூதாடி ஜான் ஓக்ஹர்ஸ்டாகவும் ஹாரி கேரியே நடித்தார். ஒரே முகம் இரண்டு வாழ்க்கைகளில் வருவதைப் பார்வையாளருக்கு எப்படிப் புரியவைப்பது? இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்துப் பார்த்தபோது வெறும் குழப்பமே மிஞ்சியது. பிறகு உருவத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்: புத்தகத்தின் ஓரத்தைப் பற்றிய விரல்கள் அப்படியே இருக்க, அடுத்த படத்தில் அதே விரல்களுக்கிடையே சீட்டுகள் இருக்கின்றன. ஃபோர்டு இப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கைகொடுத்த வழி இதுதான்.

கேரியின் நிற்கும் பாங்கை அறிய, தப்பிப் பிழைத்த 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' (1917) படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கையால் மறு கையின் முழங்கைப் பக்கத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது அவருக்கே உரிய பாவனை. களிமண் கையை அப்படி மடக்கினால் முழங்கையில் வெடிப்பு விட்டது. உள்ளே மெல்லிய செப்புக் கம்பி வைத்த பிறகே அந்த நிலையில் நின்றது.

போக்கர் ஃப்ளாட் என்னும் சுரங்க ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மலையில் பனிக்குள் சிக்கிக்கொள்ளும் காட்சிகளுக்கு முதலில் பொடி உப்பைத் தூவினேன். கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்தது, கேமராவின் நெருக்கத்தில் ஒவ்வொரு பரலும் கூழாங்கல்லாகப் பளிச்சிட்டது. மறுநாள் காலையில் ஈரம் உறிஞ்சி, குடிசையின் அட்டைச் சுவரையும் ஊறவைத்துவிட்டது. தேநீர் வடிகட்டியில் சலித்த அரிசி மாவுதான் கடைசியில் பனியாக விழுந்தது. குடிசைக் கூரையின் விளிம்பில் அது மெல்லத் திரண்டு தொங்கிய படம்தான் இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

காட்சிகளுக்கிடையே வாசகங்களைக் காட்டும் எழுத்துச் சட்டங்களில் ஒரு விதியை வைத்துக்கொண்டேன். ஹார்ட்டின் கதையிலிருந்து மொழிபெயர்த்த வாசகங்களுக்கு வெள்ளைக் கரை உண்டு. நானே எழுதியவற்றுக்குக் கரை கிடையாது. அழிந்துபோன ஒன்றின் இடத்தில் நம் கற்பனை தெரியாமல் குடியேறிவிடக் கூடாது. யூனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் பட நெகட்டிவ்களை 1948-இல் அழித்தது. 1912 முதல் 1929 வரை வெளியான அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் 14 விழுக்காடே மூல வடிவில் முழுமையாகத் தப்பியுள்ளன என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஆயினும் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' (1927) நியூசிலாந்தில் கிடைத்தது. இந்தப் படமும் ஒருநாள் கிடைத்தால், என் படங்களை அதன் பக்கத்தில் வைத்து எங்கெங்கே தவறினேன் என்று பார்க்க விரும்புகிறேன்.

சென்ற வாரம் ஓக்ஹர்ஸ்டின் முடிவை எடுத்தேன். பைன் மரத்தில் வேட்டைக் கத்தியால் குத்திவைத்த கிளாவர் இரண்டு சீட்டில், 1850 நவம்பர் 23-இல் தன் அதிர்ஷ்டம் கெட்டதாகவும் டிசம்பர் 7-இல் ஆட்டத்தை முடித்துக்கொண்டதாகவும் அவன் பென்சிலால் எழுதியிருப்பான். பொம்மையின் அளவுக்குச் செய்த சீட்டில் இரண்டு சொற்களுக்கே இடம் இருந்ததால், உண்மையான சீட்டையே மரப்பட்டைத் துண்டில் குத்தித் தனி நெருக்கப் படமாக எடுத்தேன். பளபளப்பில் பென்சில் பிடிக்காததால் உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

துரத்தப்பட்டவர்களில் ஒருத்தியான டச்சஸும் வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட இளம்பெண் பைனியும் ஒருவரையொருவர் அணைத்தபடி பனியில் உறங்கிப்போகும் காட்சி இன்னும் நிற்கிறது. தோள்க் கம்பி விறைப்பாக இருப்பதால் டச்சஸின் தலை பைனியின் மார்பில் படியாமல் விரலளவு விலகியே இருக்கிறது. இரண்டு உருவங்களையும் கழுத்திலிருந்து பிரித்து, ஒரே களிமண் கட்டியில் சேர்த்துச் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.